சைக்கிள் கடை சொல்லும் வியாபாரப் பாடம்

சிறுவயதில் எங்கள் ஊர்ச் சந்தியில் ஒரு சைக்கிள் கடை இருந்தது. மணித்தியாலக் கணக்கில் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். பெருநாள் காசு கையில் சேர்ந்ததும் நாங்கள் முதலில் ஓடுவது அங்கேதான். ஆசனத்தில் ஏறினால் கால் எட்டாது. பாருக்குக் கீழால் ஒரு காலை நுழைத்து மிதிப்போம். முழங்கால் உரசி வீடு வந்தால் உம்மாவிடம் ஏச்சு விழும். அடுத்த பெருநாளைக்கும் அதே கடைக்குத்தான் போவோம்.

அந்தக் கடைக்காரக் காக்கா புதுச் சைக்கிள் விற்றுச் சம்பாதித்தவரல்லர். வாடகை, டியூப் ஒட்டு, காற்றடித்தல், செயின், பிரேக் கட்டை என்று சில்லறையாக வந்த வருமானத்தில்தான் குடும்பத்தை நடத்தினார். அன்று அது சிறிய தொழிலாகத் தெரிந்தது. அதன் பெறுமதி 2022ஆம் ஆண்டில்தான் பலருக்கு விளங்கியது.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னர் மோட்டார் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் பெருகின. கெரியரில் புடவை மூட்டை கட்டி ஊர் ஊராக வியாபாரம் செய்தவர்களின் பிள்ளைகள் வேனுக்கும் லொறிக்கும் மாறினார்கள். சமதரையான கிழக்குக் கரையோர ஊர்களில்கூட சைக்கிள் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் உரியது என்ற நிலை உருவானது.

2022இல் டொலர் தட்டுப்பாடு நிலைமையைத் தலைகீழாக்கியது. அவ்வருட ஆரம்பத்தில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல், ஜூன் மாத இறுதியில் 470 ரூபாவானது. ஜூன் 27 நள்ளிரவு முதல் இரு வாரங்களுக்கு அத்தியாவசிய சேவைகளுக்கு மாத்திரமே எரிபொருள் என அரசாங்கம் அறிவித்தது. அலுவலக உத்தியோகத்தரும் ஆசிரியரும் கடை முதலாளியும் சைக்கிள் தேடி அலைந்தனர். டொலர் இல்லாததால் எல்.சி. திறப்பதும் சிரமமாயிற்று. கேள்வி ஏற, வரத்துக் குறைய, விலை துள்ளிப் பாய்ந்தது.

அப்போது வியாபாரிகளில் இரண்டு வகையினரைக் கண்டோம். ஒரு சாரார் கிடைத்த விலைக்கெல்லாம் சைக்கிள்களை வாங்கிக் களஞ்சியத்தில் அடுக்கினர். இன்னும் ஏறும் என்று சிலர் விற்காமலும் வைத்திருந்தனர். மறு சாரார் பழைய சைக்கிள்களைத் திருத்தி, நியாயமான கூலி வாங்கி, உதிரிப்பாகங்களைச் சுழற்சியில் வைத்திருந்தனர்.

ஆகஸ்ட் மாதமளவில் கியூ.ஆர். ஒதுக்கீடு நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்து வரிசைகள் குறைந்தன. 2023 செப்டம்பரில் அந்த ஒதுக்கீடும் நீக்கப்பட்டது. மோட்டார் சைக்கிள்கள் மீண்டும் வீதிக்கு வந்தன. அடுக்கி வைத்தவர்களின் கணக்கைப் பாருங்கள். உதாரணமாக, 60,000 ரூபா வீதம் 20 சைக்கிள்கள் வாங்கியவரின் 12 இலட்சம் முடங்கிக் கிடக்கிறது. சந்தை விலை 50,000 ஆக இறங்கினால் 2 இலட்சம் நட்டம். வருடம் பூர்த்தியானால் மீதிப் 10 இலட்சம் பெறுமதிக்கும் ஸகாத்தாக 25,000 ரூபா கொடுக்க வேண்டும். வங்கியில் கடன்பட்டு வாங்கியிருந்தால் வட்டி என்ற பெரும் பாவமும் சேர்ந்துகொள்ளும். மக்களின் தேவையைப் பயன்படுத்திப் பொருளைப் பதுக்கி விலையேற்றுவதை மார்க்கம் தடுத்திருப்பதில் வாங்குபவருக்கு மட்டுமல்ல, விற்பவருக்கும் பாதுகாப்பு இருக்கிறது.

திருத்தும் தொழிலைக் கைவிடாதவர்களுக்கோ வாடிக்கையாளர்கள் மிஞ்சினார்கள். நெருக்கடிக் காலத்தில் வாங்கப்பட்ட சைக்கிள்கள் வீடுகளில் இருக்கின்றன. அவற்றுக்கு டயரும் டியூபும் செயினும் தேவைப்படும். சீனி வியாதிக்காகவும் உடற்பயிற்சிக்காகவும் சுபஹுக்குப் பின்னர் சைக்கிள் மிதிப்போரையும் காண்கிறோம். பிள்ளை வளர வளரச் சிறிய சைக்கிளைக் கொடுத்துப் பெரியதை மாற்றிக்கொள்ள விரும்பும் பெற்றோரும் உள்ளனர். பழையதை எடுத்துத் திருத்தி விற்க அதிக முதல் தேவையில்லை. கைத்தொழில் தெரிந்த ஓர் இளைஞனும் வாக்குத் தவறாத ஒரு முதலாளியும் இருந்தால் போதும்.

இந்தப் பாடம் சைக்கிள் கடைக்கு மட்டுமல்ல, அரிசிக்கும் சீமெந்துக்கும் கைத்தொலைபேசிக்கும் பொருந்தும். நெருக்கடியில் வரும் கேள்வி நெருக்கடியோடு போய்விடும். அந்த நேரத்தில் நாம் எப்படி நடந்துகொண்டோம் என்பதை மட்டும் வாடிக்கையாளர் மறக்கமாட்டார். சந்திக் கடைக் காக்காவிடம் நாங்கள் பெருநாளுக்குப் பெருநாள் திரும்பிப் போனதும் அதனால்தான்.