சாந்துக்கு எவ்வளவு பலம் வேண்டும்?

பழைய சுவரில் விரிசல் கண்டால் சிமென்ட் குழைத்து அடைத்துவிடுவது நம் வழக்கம். சில மழைக்காலம் போனபின் பார்த்தால் சிமென்ட் அப்படியே இருக்கும். பக்கத்துச் செங்கல் பொடியாக உதிரும். சிமென்ட் பழைய செங்கல்லைவிடக் கெட்டி. ஈரத்தையும் எளிதில் வெளியே விடாது. சுவர் உறிஞ்சிய நீர் செங்கல் வழியாகவே காய வேண்டியிருக்கிறது. நீரோடு வந்த உப்பு அங்கே படிகமாகி, செங்கலின் மேற்பரப்பைப் பெயர்த்துத் தள்ளுகிறது. மரபுக் கட்டடங்களைச் சீரமைப்போர் சுண்ணாம்புச் சாந்துக்குத் திரும்புவது இதனால்தான்.

ஆனால் வெறும் சுண்ணாம்புக்குப் பொறுமை வேண்டும். காளவாயில் சுமார் 900 பாகை செல்சியஸில் சுடும்போது சுண்ணாம்புக்கல் கரியமில வாயுவை இழக்கிறது. பிறகு நீற்றி, மணல் சேர்த்துப் பூசினால், இழந்த வாயுவைக் காற்றிலிருந்து மெல்லத் திரும்பப் பெற்று இறுகுகிறது. தடித்த சுவரின் உட்பகுதி இறுக ஆண்டுகள் ஆகலாம். தண்ணீருக்கடியிலோ இறுகவே இறுகாது.

ரோமானியர் இதற்குக் கண்ட மருந்து, நேப்பிள்ஸ் அருகிலுள்ள பொஸ்ஸுவோலியின் எரிமலைச் சாம்பல். அதன் சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு வினைபுரிந்து, காற்றின் உதவியில்லாமலே கெட்டிப்படும். நம் பக்கத்தில் அந்த வேலையைச் செய்தது செங்கல் தூளான சுர்க்கி. 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த சாந்தில் எழுந்தது. எல்லாச் செங்கல்லும் இதற்கு ஆகாது. அதிகம் வெந்தது வினைபுரியாது, மிதமாக வெந்ததே உதவும்.

கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் நம் கொத்தனார்களின் கைமருந்து. வெல்லத்தின் சர்க்கரை சுண்ணாம்பைக் கூடுதலாகக் கரைத்து, சாந்தைக் குழைவாக்கும். சீனர்கள் பசையரிசிக் கஞ்சி கலந்தார்கள். அதிலுள்ள மாவுப்பொருள் சுண்ணாம்புப் படிகங்களைச் சிறிதாகவும் நெருக்கமாகவும் வளரச் செய்வதை 2010-இல் வெளியான ஆய்வு விளக்கியது.

இன்று களிமண் கலந்த சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு, நீரிலும் இறுகும் சுண்ணாம்பு தயாரிக்கிறார்கள். ஐரோப்பாவில் அது 2, 3.5, 5 என்ற தரங்களில் விற்பனையாகிறது. 28 நாளில் தாங்கவேண்டிய குறைந்தபட்ச அழுத்தத்தை அந்த எண்கள் சொல்கின்றன. உதிரத் தொடங்கிய பழம்பூச்சை அகற்றாமலே காப்பாற்ற, ஆல்கஹாலில் மிதக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்களை உள்ளே ஊறவிடும் முறையும் உண்டு.

இவற்றில் எது தேவை என்பதைப் பழைய சாந்தே சொல்லும். ஒரு துண்டை அமிலத்தில் இட்டால் சுண்ணாம்பு கரைந்து, மணலும் செங்கல் தூளும் மிஞ்சும். கலவை விகிதம் தெரிந்துவிடும். அதை ஒட்டிப் புதுச் சாந்து செய்தாலும், அதன் பலம் செங்கல்லின் பலத்தைத் தாண்டக் கூடாது. சுவர் அசைந்தாலோ உப்புப் பூத்தாலோ முதலில் கெடவேண்டியது சாந்துதான். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பூசிவிடலாம்.