சுருட்டி வைக்கும் ஆடுகளம்

விளையாட்டுச் சாமான் வியாபாரம் என்றால் கிரிக்கெட் மட்டை, ஷட்டில் பந்து, கேரம் பலகை என்பதோடு நின்றுவிடுகிறோம். ‘ஷார்ட் மேட் பௌல்ஸ்’ என்ற ஆட்டம் நாடு விட்டு நாடு பரவிய விதத்தை நாம் வணிகர் கண்ணோடு பார்ப்பது நல்லது. (கட்டைகளை உருட்டி வீழ்த்தும் பௌலிங் வேறு, இது வேறு.)

‘ஜாக்’ என்னும் சிறிய உருண்டைக்கு யாருடைய பெரிய உருண்டை மிக அருகில் போய் நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. பெரிய உருண்டை முழு வட்டமாக இராது. அதனால் வேகம் குறையக் குறைய ஒரு பக்கமாக வளைந்து ஓடும். ஆட்டத்தின் சூட்சுமம் அதில்தான் இருக்கிறது.

மூல ஆட்டமான லான் பௌல்ஸுக்கு ஏறக்குறைய 120 அடி நீளமும் அதே அளவு அகலமும் கொண்ட புல்தரை வேண்டும். நிலத்தின் விலை, தண்ணீர், தினசரிப் பராமரிப்பு என்று செலவு ஓயாது. ஷார்ட் மேட்டுக்கோ 40 முதல் 45 அடி நீளம், 6 அடி அகலமுள்ள ஒரு விரிப்பு போதும். நடுவில் 15 அங்குல மரக்கட்டை ஒன்றைக் குறுக்கே வைப்பார்கள். நேராக வேகமாக அடித்து எதிராளியின் உருண்டையைச் சிதறடிக்க முடியாது. வளைத்துத்தான் உருட்டியாக வேண்டும். ஆகவே உடல் பலத்துக்கு வேலை குறைவு. முதியவரும் இளைஞரும், ஆணும் பெண்ணும் சேர்ந்தே ஆடலாம். ஆட்டம் முடிந்ததும் விரிப்பைச் சுருட்டி ஓரமாக வைத்தால் மறுநாள் அதே கூடத்தில் கூட்டம் நடத்தலாம்.

வட அயர்லாந்தில் தேவாலயக் கூடங்களில் வேரூன்றிய ஆட்டம் இது. இங்கிலாந்தில் இதற்கென 1984இல் தனிச் சங்கம் அமைந்தது. ஸ்வீடன், நார்வே போன்ற நீண்ட குளிர்கால நாடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. மாலையில் சும்மா கிடந்த கூடங்கள்தான் இதற்கு முதலீடு என்று நாம் கருதுகிறோம். ஆடுகளமே ஒரு சரக்காகிவிட்டது.

நம் நாட்டில் பௌல்ஸ் வந்த வழி வேறு. 2010 தில்லி காமன்வெல்த் போட்டிக்காகப் புல்தரை அமைத்தார்கள். 2022இல் பர்மிங்காமில் நம் பெண்கள் நால்வர் அணி தென்னாப்பிரிக்காவை 17-10 என்று வென்று தங்கம் வாங்கியது. அந்த வாரம் தேசமே இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசியது. ஆனால் பதக்கத்தைப் பார்த்து ஆசைப்பட்ட பிள்ளைக்கு ஆடிப் பார்க்க இடம் எங்கே? புல்தரைகள் விரல்விட்டு எண்ணும் அளவே. அந்த இடைவெளியை விரிப்பால் நிரப்பலாம் என்பது நம் எண்ணம்.

அதற்காக அவசரப்பட்டுக் கொள்முதல் செய்யச் சொல்லவில்லை. புது ஆட்டத்தின் சாமானைப் பெட்டி பெட்டியாக இறக்கி, பிறகு அசலுக்கும் கீழே தள்ளியவர்கள் நம்மிலேயே உண்டு. ஆடுகிறவர் உண்டானால்தான் வாங்குகிறவர் உண்டாவார். பள்ளியோ சங்கக் கூடமோ ஒன்றைப் பிடித்து, ஒரே ஒரு விரிப்பை மாலை வாடகைக்கு விட்டுப் பார்க்கலாம். நால்வர் அணி ஆட்டத்தில் ஆளுக்கு 2 உருண்டை. இரு அணிக்கும் சேர்த்து 16 இருந்தால் எட்டுப் பேர் ஆடலாம்.

விரிப்புக்குச் சொல்லுமுன் கூடத்தை நாடா வைத்து அளந்துகொள்ளுங்கள். 45 அடி விரிப்பு என்றால் கூடம் 45 அடி இருந்தால் போதாது. இரு முனைகளிலும் ஆள் நிற்க இடம் விட வேண்டும். தரை மட்டமாக இல்லாவிட்டால் உருண்டை தன் இஷ்டத்துக்கு ஓடும்.