ஒற்றைப் பலகைக் கணினி: எமது பாடசாலைகளுக்கு எதற்கு உதவும்?

எமது ஊர்ப் பாடசாலைகளுக்குக் கணினி அன்பளிப்புச் செய்வதில் ஒரு வழக்கம் இருக்கிறது. தனவந்தர் ஒருவரோ வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்களோ பத்து, பதினைந்து கணினிகளை வாங்கித் தருவார்கள். நாடா வெட்டப்படும், புகைப்படங்கள் முகநூலில் வரும். மூன்று நான்கு வருடங்களில் அவற்றில் அரைவாசி இயங்காது. வைரஸ் பிடித்துவிட்டது, யூபிஎஸ் பழுதாகிவிட்டது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கும். பிறகு கணினி அறை பூட்டப்படும். சாவி யாரிடம் என்று தேடுவதே தனி வேலையாகிவிடும்.

அந்தப் பதினைந்தில் ஒரு கணினிக்கான பணத்தை மட்டும் வேறு விதமாகச் செலவிட்டால் என்ன செய்யலாம் என்பதே இக்கட்டுரை.

ராஸ்பெரி பை என்பது எமது தேசிய அடையாள அட்டை அளவிலான ஒரு கணினி. புரொசசர், நினைவகம், யுஎஸ்பி வாயில்கள், வைஃபை எல்லாம் ஒரே பலகையில் இருக்கும். அதனால்தான் ஒற்றைப் பலகைக் கணினி என்கிறோம். கணினி விஞ்ஞானம் படிக்க வரும் மாணவர்களின் எண்ணிக்கையும் செய்முறை அறிவும் குறைந்து வருவதைக் கண்ட ஈபன் அப்டனும் அவரது கேம்பிரிட்ஜ் நண்பர்களும் இதை உருவாக்கினார்கள். 2012 பெப்ரவரி 29ஆம் திகதி இது விற்பனைக்கு வந்தது. அப்போது இதன் விலை 35 டொலர். டொலரை 300 ரூபாவாகக் கணக்கிட்டால் 10,500 ரூபா. இங்கு வந்து சேரும்போது வரியும் கடைக்காரரின் இலாபமும் சேரும். மெமரி சிப்களின் விலையேற்றத்தால் கூடிய நினைவகம் கொண்ட மாதிரிகளின் விலை அண்மையில் உயர்ந்தும் இருக்கிறது. ஆனால் நான் சொல்லப்போகும் வேலைக்கு அவை தேவையில்லை, குறைந்த நினைவகம் கொண்டதே போதும்.

இதன் பணிசெயல் முறைமை டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. அது திறந்த மூல மென்பொருள். உரிமக் கட்டணம் இல்லை, களவுப் பிரதி போடவும் தேவையில்லை. திறந்த மூலம் எமக்குப் புதியதுமல்ல. 2004 சுனாமியில் அம்பாறைக் கரையோரம் அழிந்தபோது, நிவாரணத்தை ஒருங்கிணைக்க இலங்கைத் தொண்டர்கள் சில வாரங்களில் எழுதிய சஹானா என்ற மென்பொருள் திறந்த மூலமாகவே வெளியிடப்பட்டது. அடுத்த ஆண்டே பாகிஸ்தான் பூகம்பத்தில் அது பயன்பட்டது. சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டுக்கான சமூக நலன் விருதும் அதற்குக் கிடைத்தது.

ராஸ்பெரி பையை வைத்து என்ன செய்யலாம் என்று யூடியூபில் தேடினால், பழைய வீடியோ கேம் விளையாடலாம், தொலைக்காட்சியில் படம் பார்க்கலாம், வீட்டு விளக்கைப் போனில் அணைக்கலாம் என்று நூறு வழி சொல்வார்கள். அவை கெட்டவையல்ல, எமக்கு அவசரமானவையும் அல்ல. இதைக் கணினி அறைக்கு மாற்றாக வாங்குவதையும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். திரை, விசைப்பலகை, மவுஸ் எல்லாம் வாங்கி முடிக்கும்போது ஒரு பாவித்த லெப்டொப்பின் விலை வந்துவிடும்.

இதற்குப் பொருத்தமான வேலை, இணையம் இல்லாத நூலகமாக இருப்பது.

பையில் ஒரு மெமரி கார்டைப் போட்டு, அதில் பாடங்களை நிரப்பி, அதன் வைஃபையை அயலுக்குத் திறந்துவிட வேண்டும். பக்கத்திலிருக்கும் எந்தப் போனும் அதனுடன் இணையலாம். டேட்டா செலவாகாது, சிம் கூடத் தேவையில்லை. இதற்கு இரண்டு திறந்த மூல மென்பொருள்கள் உள்ளன. ஒன்று கிவிக்ஸ். முழு விக்கிபீடியாவையும் ஒரே கோப்பாகச் சுருக்கி, இணையமின்றி வாசிக்கத் தருவது. ஆங்கில விக்கிபீடியா படங்களுடன் ஏறத்தாழ 100 ஜிபி. தமிழ் விக்கிபீடியாவோ ஒரு லட்சத்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளுடன் ஒரு சாதாரண கார்டிலேயே அடங்கிவிடும். மற்றையது கொலிப்ரி. காணொளிப் பாடங்களையும் பயிற்சிகளையும் வகுப்பு வாரியாக அடுக்கலாம். எந்த மாணவர் எதுவரை படித்தார் என்று ஆசிரியர் பார்க்கவும் முடியும்.

இதன் அருமை 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டதை நினைத்தால் விளங்கும். சூம் வகுப்புக்கு வீட்டில் ஒரே போன். அதில் டேட்டா போட வாப்பாவுக்கு அன்று கூலி வேலையும் இல்லை. இரண்டு வருடம் கழித்து எரிபொருள் இன்றிப் பாடசாலைகள் மீண்டும் மூடப்பட்டன. கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே நிறுத்தப்பட்டன. அந்த நாட்களில் ஊர்ப் பள்ளிவாசலின் மாடியிலோ வாசிகசாலையிலோ இப்படி ஒரு பெட்டி இருந்திருந்தால், பிள்ளை நடந்து வந்து பாடத்தைப் போனில் இறக்கிக்கொண்டு போயிருக்கும்.

மின்சாரக் கணக்கும் எமக்குச் சாதகமானது. பை சுமார் 5 வொட்டில் ஓடும். இரவு பகலாக ஒரு மாதம் ஓடினாலும் நான்கு அலகு வராது. மின்வெட்டு நேரத்தில் ஒரு நல்ல பவர் பேங்க் நான்கைந்து மணித்தியாலம் தாங்கும். ஆனால் மின்சாரம் நின்ற கணத்தில் தடையின்றி மாறித் தரும் பவர் பேங்காக அது இருக்க வேண்டும். சில ஒரு நொடி தயங்கும். அந்த ஒரு நொடியில் பை அணைந்து எரியும். திடீரென அணைவது மெமரி கார்டுக்குக் கேடு, அடிக்கடி நடந்தால் கார்டில் உள்ளவை சிதைந்துவிடும். கார்டை வாசிக்க மட்டும் அனுமதிக்கும் முறையில் அமைத்துவிட்டால் இந்த ஆபத்து வெகுவாகக் குறையும்.

இன்னொரு குறையும் உண்டு. பையின் சொந்த வைஃபை பத்துப் பதினைந்து போன்களுக்கு மேல் திணறும். முழு வகுப்புக்கும் வேண்டுமானால், யாரோ வீட்டில் கழற்றிப் போட்ட பழைய ரவுட்டரை இணைத்தால் சரி.

மென்பொருளோ மின்சாரமோ பெரிய சிக்கல் அல்ல. பெட்டிக்குள் எதைப் போடுவது என்பதுதான் சிக்கல். ஆங்கிலத்தில் கான் அகடமி முதல் எல்லாம் தயாராக இருக்கிறது. தமிழ்மொழி மூலப் பிள்ளைக்கு, அதுவும் எமது பாடத்திட்டத்துக்கு, ஆயத்தமாகக் கிடைப்பது கொஞ்சம்தான். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்கள் பிடிஎஃப் வடிவில் இருக்கின்றன. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் விஞ்ஞானச் செய்முறைகளில் பல தமிழில் வந்திருக்கின்றன. ஆய்வுகூடமில்லாத பாடசாலைக்கு அவை பெரிய கொடை. மீதியை நாம்தான் போட வேண்டும். கடந்தகால வினாத்தாள்கள், நல்ல ஆசிரியர் ஒருவர் போனில் பதிந்த கணிதப் பாடங்கள், ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் குறிப்புகள் என்று அது நீளும். அவர்களிடம் அனுமதி கேட்டுத்தான் போட வேண்டும். ஒருவரின் டியூஷன் உழைப்பைக் கேட்காமல் பிரதி எடுத்துவிட்டு அதற்கு சதகா என்று பெயர் வைக்க முடியாது.

இங்கே ஒரு சின்ன முள். எமது ஆசிரியர்களின் பழைய குறிப்புகளில் பெரும்பகுதி பாமினி எழுத்துருவில் தட்டச்சானவை. அந்த எழுத்துருவைப் போட்டால் திறக்கும், ஆனால் தேடினால் அகப்படாது. பெட்டியில் ஏற்றுமுன் யுனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும். அதற்கான இலவச மாற்றிகள் தாராளமாக உள்ளன.

போனையும் இணையத்தையும் பிள்ளையிடம் கொடுக்கப் பயப்படும் பெற்றோருக்கு இதில் ஒரு ஆறுதல் உண்டு. பெட்டிக்குள் நாம் போட்டது மட்டும்தான் இருக்கும். அதற்காகப் போனில் சிம் இருந்தால் மற்றவை வராது என்று நினைத்துவிட வேண்டாம்.

பள்ளிவாசல் நிர்வாகிகள் சிலர் இதையே தொழுகை நேரம் காட்டும் திரைக்கும் பயன்படுத்தலாமா என்று கேட்கக்கூடும். தாராளமாக. ஆனால் பழைய மாதிரிகளில் மின்சாரமின்றி நேரத்தை வைத்திருக்கும் கடிகாரம் இல்லை. இணையமும் இல்லாவிட்டால் மின்வெட்டுக்குப் பிறகு பிழையான நேரம் காட்டும். ஐந்தாவது மாதிரியில் கடிகாரம் உண்டு, மின்கலத்தைத் தனியே வாங்க வேண்டும். மற்றவற்றுக்குச் சிறிய கடிகாரப் பலகை ஒன்று கிடைக்கிறது. அதைப் பொருத்தாமல் நோன்பு காலத்தில் இஃப்தார் நேரத்தை இதில் விட வேண்டாம்.

கணினி அறையில் ஏற்கனவே தூசி படிந்திருப்பவற்றையும் எறிய அவசரப்பட வேண்டாம். வின்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபரில் முடிந்தது, அவற்றில் பல பதினொன்றை ஏற்காது. ஆனால் லினக்ஸ் ஓடும், கிவிக்ஸும் கொலிப்ரியும் அவற்றிலும் ஓடும். நல்ல பெற்றரியுள்ள பழைய லெப்டொப் ஒன்று கைவசம் இருந்தால், பை வாங்காமலே நாளைக்கே ஆரம்பிக்கலாம்.

பராமரிப்பை உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிக்கும் இரண்டு மாணவர்களிடம் ஒப்படைக்கலாம். அவர்களது பாடத்தில் பைத்தன் இருக்கிறது, அதைப் பழக இதைவிட மலிவான இயந்திரம் இல்லை. ஒருவர் பரீட்சை எழுதிப் போனாலும் மற்றவருக்குக் கைபழகியிருக்கும். நிரப்பி முடித்த மெமரி கார்டின் பிரதி ஒன்றை எடுத்து, உறையிலிட்டுத் திகதி எழுதி, அதிபரின் அலுமாரியில் வைத்துவிடுங்கள். ஓடும் கார்ட் என்றைக்காவது பழுதானால், பிரதியைப் போட்டு ஐந்து நிமிடத்தில் திரும்ப இயக்கலாம்.