யாத்திரை போகும் முன்னே

மகாவலிக் கரையிலுள்ள கம்பளையிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்படுவோரும், இராமேசுவரம், திருச்செந்தூர் என்று கடல் கடப்போரும் பலர். கண்டியிலோ மஹரகமையிலோ குருதிப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுத் தேறியோரும் அவர்களுள் உளர். உயிர் தப்பியவுடன் நேர்ந்துகொண்ட யாத்திரை நினைவுக்கு வருகிறது. வேண்டாமென்று சொல்ல எவருக்கு மனம் வரும்? ஆயினும் கீமோதெரபி நடக்கும் காலத்தில் ஹஜ்ஜுக்கு வருவதை அண்மைக்காலச் சவூதி விதிகளே தடுக்கின்றன. பேச்செல்லாம் சிகிச்சை முடித்தவரைப் பற்றியதே.

தடுப்பூசியென்றால் எல்லாம் ஒன்றெனக் கருதுகிறோம். அன்று. சிலவற்றில் இருப்பது செத்த கிருமி அல்லது அதன் துணுக்கு. சிலவற்றில் நலிவூட்டப்பட்ட உயிர்க்கிருமி. காவல் குன்றிய உடலில் அந்த நலிந்த கிருமியும் தலையெடுக்கக்கூடும். மஞ்சட் காய்ச்சல், சின்னமுத்து ஊசிகள் இவ்வகையின. நம் நாட்டுப் பிள்ளைகளுக்குப் போடும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசியும் அப்படியே. ஆபிரிக்கா செல்லும் நோயாளி மஞ்சட் காய்ச்சல் ஊசிக்கு வைத்தியரிடம் விலக்குச் சான்றிதழ் பெறலாம். சான்றிதழ் எல்லையைக் கடக்க உதவும், நுளம்பைத் தடுக்காது. அந்நாட்டுப் பயணத்தையே தவிர்ப்பது மேல்.

ஹஜ்ஜுக்கான மூளையுறைக் காய்ச்சல் ஊசியில் அவ்வச்சமில்லை. 2000ஆம் ஆண்டில் டபிள்யூ-135 என்னும் வகை யாத்திரிகரிடையே பரவி, அவர்களோடு பல நாடுகளுக்குச் சென்றது. அதன் பின்னரே நால்வகைக் கிருமிக்கும் எதிரான ஊசி கட்டாயமாயிற்று. போய்ச் சேர்வதற்கு 10 நாட்களுக்கு முன்னராவது அதைப் போட்டிருத்தல் வேண்டும். ஆனால் ரிட்டுக்சிமாப் போன்ற மருந்து ஏற்றி 6 மாதம் கழியுமுன் போடும் ஊசி பெரும்பாலும் நீர்மேல் எழுத்தே. என்பு மச்சை மாற்றப்பட்டவருக்கோ குழந்தைப் பருவத்து ஊசிகளின் காப்பும் தேய்ந்துபோகும். மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். ஆகவே பயணச் சீட்டு வாங்கு முன்னரே புற்றுநோய் வைத்தியரைக் கண்டு நாட்குறிப்பது அவசியம்.

தம் உடலில் ஊசி பிடிக்காதவருக்கு வீட்டாரின் ஊசியே அரண். உடன் செல்வோர் சளிக்காய்ச்சல் ஊசி போட்டுக்கொள்ளட்டும். புறப்படுபவரிடம் துஆக் கேட்க ஊரே திரண்டு வருவது அழகிய வழக்கம். இருமலோடு வருபவர் வாசலில் நின்றே விடைபெறுவது அதனினும் அழகு.

வெளியூரில் 38 பாகை செல்சியசைக் காய்ச்சல் எட்டினால், பரசிற்றமோலை விழுங்கிவிட்டு விடியட்டும் என்று காத்திருத்தலாகாது. உடனே வைத்தியசாலை செல்லவேண்டும். நோயின் பெயர், ஏற்றிய மருந்துகள், கடைசிக் குருதிப் பரிசோதனை ஆகியவற்றை ஆங்கிலத்தில் எழுதிய கடிதம் உடன் இருக்கட்டும். பெட்டிக்குள் அன்று, கைப்பையில்.