தைலம் என்னும் சொல்லும் எள்ளும்

திருவொற்றியூர்க் கோயிலில் புற்று வடிவாய் விளங்கும் ஆதிபுரீசுவரருக்கு ஆண்டு முழுவதும் கவசம் சாத்தியிருப்பர். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று தினங்கள் மாத்திரம் அதனைக் களைந்து, புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்துவது வழக்கம். இத்தைலம் என்னும் சொல் வயலில் பிறந்ததென்பதை எள் விதைப்போருள்ளும் பலர் அறியார்.

வடமொழியில் எள்ளுக்குத் 'திலம்' என்று பெயர். திலத்தினின்று பெறுவது தைலம். தமிழிலும் அவ்வாறே எள்ளும் நெய்யும் சேர்ந்து எண்ணெய் என்றாயிற்று. எள்ளின் நெய் ஒன்றையே முதலில் குறித்த இவ்விரு சொற்களும் பின்னர்ப் பொருள் விரிந்தன. தேங்காயிலும் கடலையிலும் எடுப்பவை எண்ணெய் எனப்படவே, எள்ளுக்குரியதை 'நல்லெண்ணெய்' என அடை கொடுத்துப் பிரிக்க நேர்ந்தது. மண்ணெண்ணெயில் எள் ஏது?

தைலம் என்பதோ, மூலிகை கூட்டிக் காய்ச்சி, வலி தணியத் தேய்க்கும் மருந்தெண்ணெய்க்குப் பெயராயிற்று. அரைத்த மருந்து 1 பங்கு, எண்ணெய் 4 பங்கு, கஷாயம் முதலிய திரவம் 16 பங்கு சேர்த்து, நீர் வற்றும்வரை எரிப்பது ஆயுர்வேதப் பொது விதி. இதற்குப் பெரும்பாலும் நல்லெண்ணெயே அடிப்படை.

1843-ஆம் ஆண்டளவில் ஆஸ்திரேலியாவிலிருந்து நீலகிரிக்கு யூகலிப்டஸ் மரம் வந்தது. அதன் இலையிற் கிடைத்த நெய்யும் வலிக்கு உதவியமையால் தைலம் எனப்பட்டது, மரமும் தைலமரமாயிற்று. எள்ளுக்கும் இதற்கும் யாதோர் உறவுமில்லை. நல்லெண்ணெய் வித்தைச் செக்கிலாட்டி எடுப்பது. இது இலையை நீராவியில் வடித்து எடுப்பது. இரண்டையும் காகிதத்தில் ஒவ்வொரு துளி விட்டுப் பார்க்க. நல்லெண்ணெயின் கறை நிலைத்து நிற்கும். கலப்பற்ற யூகலிப்டஸ் தைலத்தின் கறை சிறிது நேரத்தில் ஆவியாய் மறையும். மறையாது பிசுக்காய் நின்றால், வேறு எண்ணெய் கலந்ததென ஐயுறலாம்.

பெயர் ஒன்றாயிருப்பதால் விளையும் தீங்கு சிறிதன்று. நல்லெண்ணெய் உண்ணும் பொருள். யூகலிப்டஸ் தைலமோ சில மில்லிலிட்டர் உட்சென்றாலும் சிறு குழந்தைக்கு வலிப்பும் நினைவிழப்பும் உண்டாக்க வல்லது. சளிக்கென்று அதனைக் கரண்டியில் ஊற்றிப் புகட்டலாகாது. கைக்குழந்தையின் மூக்கருகே தடவுதலும் கூடாது. கிராம அதிகாரிகள் இதனை ஊரில் எடுத்துரைக்க வேண்டும். குழந்தை அறியாது குடித்துவிட்டால் வாந்தியெடுக்கச் செய்யாமல், புட்டியையும் கையிலெடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்க.