மூட்டை இறங்கிய வாசலில் ஒரு காபி

கொச்சி, மட்டாஞ்சேரிக்குப் போகிறீர்கள். காயலைப் பார்த்தபடி ஒரு காபி குடிக்க ஆசை. எந்தக் கடைக்குள் நுழைவது? ஒரு சுலபமான வழி சொல்லட்டுமா, நேயர்களே? முன்பு கிடங்காக இருந்த இடமாகப் பார்த்து நுழையுங்கள்!

மிளகும் இஞ்சியும் தோணிகளில் வந்துபோன காலத்தில், இங்கே பண்டகசாலைகளைத் தண்ணீரை ஒட்டியே கட்டினார்கள். ஒரு வாசல் தெருவுக்கு, இன்னொன்று காயலுக்கு. மூட்டை ஏற்றி இறக்கத்தான் அந்த வாசல். அழகு பார்க்க யாருக்கு நேரம்? இன்றைக்கு அதே இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால், படகுகள் கண்ணெதிரே போகின்றன.

யூதத் தெருவில் இருக்கிற ஜிஞ்சர் ஹவுஸ் அப்படித்தான். பழம்பொருள் கடைக்குள் புகுந்து, மரத்தூண்களையும் சிலைகளையும் வேடிக்கை பார்த்துக்கொண்டே நடந்தால், கடைசியில் தண்ணீர்! அங்கிருந்து ஃபோர்ட் கொச்சிப் பக்கம் நகர்ந்தால், கல்வத்தி சாலையில் பெப்பர் ஹவுஸ். நடுவே பெரிய முற்றம். கொச்சி பியெனாலே கலைவிழா நடக்கும் மாதங்களில் ஓவியமும் சிற்பமும் பார்க்கக் கிடைக்கும்.

ஒன்று மட்டும், வெயில் தாழ்ந்த பிறகு போங்கள். மத்தியானப் புழுக்கத்தில் அங்கே காபி இறங்காது, மோர்தான் கேட்கத் தோன்றும்!