பச்சைப் பசேலெனப் படர்ந்தும் பூக்காத மல்லிகைக் கொடி: காரணம் என்ன? தீர்வு என்ன?

திருவனந்தபுரம்: ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் எதிரெதிரே அமைந்துள்ள தம்பானூர் போன்ற நெரிசலான நகரப் பகுதிகளில், மாடித் தொட்டியிலும் மதில் ஓரத்திலும் மல்லிகை வளர்ப்போர் பலர். கொடி செழித்துப் படர்கிறது; இலையில் புள்ளியோ வாட்டமோ இல்லை. ஆனால் மாதங்கள் கடந்தும் மொட்டு வருவதில்லை. நாற்றுப் பண்ணையில் பூத்துக் குலுங்கிய செடி வீட்டுக்கு வந்ததும் பூக்க மறுப்பதால், நோயற்ற கொடியையே பிடுங்கி எறிந்துவிடுவோரும் உண்டு.

இதற்கான விடை, திருவனந்தபுரத்துக்கு நாள்தோறும் பூ அனுப்பும் தோவாளை வட்டாரத்து விவசாயிகளின் வழக்கத்திலேயே இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள தோவாளை, 1956-ஆம் ஆண்டு வரை திருவிதாங்கூரோடு இணைந்திருந்த பகுதி. அங்குள்ள மலர்ச் சந்தையில் இருந்து கேரளத் தலைநகருக்குப் பூ வருவது இன்றும் தொடர்கிறது. அந்தத் தோட்டங்களில் ஆண்டுக்கு ஒருமுறை நல்ல நிலையில் உள்ள செடியையே வெட்டிக் குறைப்பார்கள்.

வெட்டினால் ஏன் பூக்கிறது?

மல்லிகை, முதிர்ந்த கிளைகளில் பெரிதாகப் பூப்பதில்லை. புதிதாகத் துளிர்க்கும் கிளைகளின் நுனியிலும் கணுக்களிலுமே மொட்டுகள் தோன்றுகின்றன. வெட்டாமல் விட்ட கொடியில் பழைய கிளைகளே பெருகி, உள்பகுதியில் நிழல் படிந்து, புதுத் துளிர்கள் குறைகின்றன. கவாத்து செய்யும்போது பல கணுக்களில் இருந்து ஒரே நேரத்தில் துளிர்கள் கிளம்பி, அவை மொட்டுப் பிடிக்கின்றன.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப்படி, குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில் தரையில் இருந்து சுமார் 50 செ.மீ. உயரத்தில் வெட்ட வேண்டும். பிச்சிக்கு டிசம்பர் மாதமும், முல்லைக்கு ஜனவரி கடைசி வாரமும் ஏற்றவை. கவாத்துக்கு முன் சில நாட்கள் நீர் பாய்ச்சுவதை நிறுத்துவதும், வெட்டிய பின் எஞ்சிய இலைகளை நீக்குவதும் வழக்கம். இவ்வாறு பராமரித்த குண்டுமல்லி மார்ச் மாதம் முதல் பூக்கத் தொடங்கும். திருவனந்தபுரத்தில் நவம்பர் இறுதியிலும் வடகிழக்குப் பருவமழை நீடித்தால், மழை ஓய்ந்ததும் வெட்டலாம்.

வெயிலும் உரமும்

கவாத்து செய்தும் பூக்காவிட்டால், அடுத்துப் பார்க்க வேண்டியது வெயில். மல்லிகைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 6 மணி நேர நேரடி வெயில் தேவை. அடுத்த கட்டடத்தின் நிழலில் நிற்கும் கொடி, ஒளியைத் தேடி நீளுமே தவிர மொட்டுப் பிடிக்காது. தொட்டியில் உள்ள செடியை மொட்டை மாடிக்கு மாற்றுவதே இதற்கு எளிய வழி.

மூன்றாவது காரணம் உரம். தழைச்சத்து மிகுந்தால் இலை செழிக்கும், பூ குறையும். தோட்டத்துக் குண்டுமல்லிச் செடி ஒன்றுக்கு ஆண்டுக்கு 10 கிலோ தொழுவுரத்துடன், 60 கிராம் தழைச்சத்து, 120 கிராம் மணிச்சத்து, 120 கிராம் சாம்பல்சத்து பரிந்துரைக்கப்படுகிறது. தழைச்சத்தைவிட மற்ற இரண்டும் இருமடங்கு என்பது கவனிக்கத்தக்கது. இதை இரண்டாகப் பிரித்து, கவாத்து முடிந்ததும் ஒரு பகுதியும், ஜூன்–ஜூலையில் மறுபகுதியும் இட வேண்டும். தொட்டிச் செடிக்கு இதில் சிறு பங்கே போதும். யூரியாவை மட்டும் அடிக்கடி இடுவதும், தொட்டியில் எப்போதும் நீர் தேங்கவிடுவதும் பூக்கும் தன்மையைக் கெடுக்கும்.

மொட்டு வந்தும் மலரவில்லையா?

மொட்டுகள் தோன்றிய பின் ஊதா நிறமாகி உதிர்ந்தால், அது மொட்டுப்புழுவின் தாக்குதலாக இருக்கலாம். அந்த மொட்டுகளைப் பறித்து அழித்து, வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கலாம். நட்ட முதல் ஆண்டில் பூ குறைவாக இருப்பது இயல்பு. இரண்டாம் ஆண்டில் இருந்தே நல்ல விளைச்சலை எதிர்பார்க்கலாம்.

குளிர்காலத்தில் பூ குறைவதும் இயல்பே. பொங்கலையொட்டி மல்லிகையின் விலை கிலோவுக்கு ஆயிரக்கணக்கான ரூபாயாக உயர்வதற்குக் காரணம் அந்தப் பற்றாக்குறைதான். எனவே டிசம்பர், ஜனவரியில் மொட்டு இல்லை என்பதற்காகக் கொடியைப் பிடுங்க வேண்டியதில்லை. வெயில் படும் இடத்தில் வைத்து, உரிய காலத்தில் வெட்டி, கோடை வரை காத்திருக்கலாம். அப்போதும் பூக்கவில்லை எனில், அருகில் உள்ள கிருஷி பவனிலோ வெள்ளாயணி வேளாண்மைக் கல்லூரியிலோ ஆலோசனை பெறலாம்.